ஊர்ப்பெயர் இல்லாத செப்புக்காசு

பழைய நாணயம் சேர்ப்பது பற்றி எங்கள் மத்தியில் இரண்டு விதமான பேச்சு உண்டு. அது காசு மிஞ்சியவர்களின் பொழுதுபோக்கு, இரண்டு வேலை செய்து ஊருக்கும் பணம் அனுப்புகிறவனுக்கு எதற்கு என்பது ஒன்று. பிரித்தானிய ராணியின் தலை பொறித்த காசை இன்றைக்குக் காசு கொடுத்து வாங்குவது அடிமைப்புத்தியின் மிச்சம் என்பது மற்றது. முதலாவதற்குப் பதில் சொல்வது சுலபம். எங்கள் நாட்டுக்கென்றே லண்டனில் அடிக்கப்பட்ட, நூற்றெழுபது நூற்றெண்பது வயதான செப்புக்காசு ஒன்றை, கொஞ்சம் தேய்ந்திருந்தால் பரவாயில்லை என்கிறவர், ஐந்து பத்துப் பவுணுக்குள் வாங்கலாம். ஒரு நேரச் சாப்பாட்டுக் காசு. இரண்டாவது பேச்சுக்கு அப்படி ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அதற்கு அந்தக் காசுகள் ஏன் அடிக்கப்பட்டன, யார் கையில் புழங்கின, எதற்காகப் பறிக்கப்பட்டன என்று பார்க்கவேண்டும்.

ஒல்லாந்தர் விட்டுப்போன கணக்கிலிருந்து தொடங்குவோம். கரையோர இலங்கை பிரித்தானியர் கைக்கு வந்தது 1796 இல். ஆட்கள் மாறினார்களே ஒழியக் கணக்கு மாறவில்லை. றிக்ஸ்டொலர் என்பது பெரிய கணக்கு. ஒரு றிக்ஸ்டொலருக்குப் பன்னிரண்டு பணம், ஒரு பணத்துக்கு நாலு ஸ்டைவர். ஐரோப்பியர் எழுதிய 'ஃபனம்' என்பது எங்கள் 'பணம்' தான். 'காசு' என்ற சொல் ஆங்கிலேயர் வாயில் 'காஷ்' ஆனதும், ஒல்லாந்தரின் 'டொய்ட்' எங்கள் வாயில் 'துட்டு' ஆனதும் இதே கொடுக்கல் வாங்கலில் நடந்தவைதான். நாணயத்தை விடச் சொற்கள் நீண்ட காலம் புழங்குகின்றன.

பிரித்தானியர் முதலில் அடித்த காசுகளில் யானை இருந்தது. 1815 ஆம் ஆண்டுச் செப்புக்காசில் ஒரு பக்கம் மூன்றாம் ஜோர்ஜ், மறுபக்கம் யானை, சுற்றிவர ஆங்கிலத்தில் 'சிலோன்' என்ற பெயர். 1821 இல் வந்த வெள்ளி றிக்ஸ்டொலரிலும் நாலாம் ஜோர்ஜோடு அதே யானையும் அதே பெயரும். ஆட்சி அந்நியனுடையது என்றாலும் எந்த நாட்டுக் காசு என்று அந்தக் காசு சொல்லியது.

1825 இல் இது மாறியது. அந்த வருடம் மார்ச் மாதம் பிரித்தானிய அரசு ஒரு மன்றக் கட்டளை மூலம், தன் குடியேற்ற நாடுகள் அனைத்திலும் பிரித்தானிய நாணயமே புழங்கவேண்டும் என்று தீர்மானித்தது. இலங்கையில் றிக்ஸ்டொலரின் மதிப்பு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று நிர்ணயிக்கப்பட்டது. அப்போது ஆளுநராக இருந்தவர் எட்வர்ட் பார்ண்ஸ், கண்டி வீதியை வெட்டுவித்தவர். யானையும் போனது, நாட்டின் பெயரும் போனது. கொழும்பில் சந்தைக்குப் போகிறவளும் லண்டனில் சந்தைக்குப் போகிறவளும் ஒரே காசைக் கையில் வைத்திருக்கவேண்டும் என்பது கட்டளை.

ஆனால் கட்டளை போட்டவர்களுக்கு ஒரு சிக்கல் உடனே தெரிந்தது. பிரித்தானியாவின் ஆகச் சிறிய காசு பார்திங், பென்னியில் காற்பங்கு. எங்கள் சந்தைக்கு அதுவே பெரிய காசு. கணக்கைப் போட்டுப் பாருங்கள். றிக்ஸ்டொலர் 18 பென்ஸ் என்றால் ஒரு பணம் ஒன்றரைப் பென்ஸ். ஒரு ஸ்டைவர் ஒன்றரைப் பார்திங். பார்திங்கை வைத்துக்கொண்டு ஒரு ஸ்டைவரைக் கொடுக்க வழியே இல்லை. ஒன்று கொடுத்தால் குறையும், இரண்டு கொடுத்தால் கூடும். சின்னக் காசில் கூடுவதும் குறைவதும் யாருடைய மடியில் விழும் என்பது சந்தைக்குப் போய்வந்த எவருக்கும் தெரியும்.

அதனால்தான் 1828 இல் அரைப் பார்திங் என்ற காசு பிறந்தது. மூன்று அரைப் பார்திங் சேர்ந்தால் சரியாக ஒரு ஸ்டைவர். பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பணம். 1830 இலும் அடித்தார்கள், நாலாம் வில்லியம் தலையோடு 1837 இல் மட்டும் அடித்தார்கள், பிறகு விக்ரோறியா காலத்தில் 1839 இல் தொடங்கி 1856 வரை விட்டுவிட்டு அடித்தார்கள். பதினெட்டு மில்லிமீற்றர் குறுக்களவு, இரண்டு கிராமுக்குச் சற்றுக் கூடிய நிறை. அதிலும் சிறியது காற் பார்திங். 1839 இலும், பிறகு 1851, 1852, 1853 ஆம் ஆண்டுகளிலும் அடிக்கப்பட்டது. பதின்மூன்றரை மில்லிமீற்றர். ஒரு பவுணுக்கு 3,840 காற் பார்திங். பிரித்தானிய நாணயவரலாற்றில் இதைவிடச் சிறிய பெறுமதியில் வேறொரு காசு அடிக்கப்படவில்லை. அது எங்களுக்காக அடிக்கப்பட்டது. மால்டாத் தீவுக்கு இதேபோல மூன்றிலொரு பார்திங் போனது. அங்கே உள்ளூர்க் கணக்கான கிறானோ பென்னியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஒரே நாணயம் என்று கட்டளை போட்டவர்கள், ஒவ்வொரு ஊரின் பழைய கணக்குக்கும் ஒவ்வொரு துண்டு வெட்டிக் கொடுக்கவேண்டியதாயிற்று.

எனக்கு இவற்றில் ஆகப் பிடித்தது ஒன்றரைப் பென்ஸ் வெள்ளிக்காசு. 1834 முதல் 1843 வரையும், பிறகு 1860, 1862 ஆண்டுகளிலும் அடிக்கப்பட்டது. முக்கால் கிராம் கூட இல்லை, சட்டைப்பையின் மூலையில் விழுந்தால் தேடி எடுக்க முடியாது. ஒரு பக்கம் அரசரின் அல்லது ராணியின் தலை. மறுபக்கம் ஒரு முடி, அதன் கீழே 1½ என்ற இலக்கம், ஆண்டு, சுற்றி ஒரு மாலை. பிரித்தானியாவில் ஒன்றரைப் பென்ஸ் என்றொரு காசுக்குத் தேவையே இருக்கவில்லை. இது என்ன காசு என்று லண்டன் வியாபாரிகள் சிலரே முழிப்பார்கள். கணக்கை மேலே போட்டோம்: ஒன்றரைப் பென்ஸ் என்றால் ஒரு பணம். பெயரை எடுத்துவிட்டுப் பணத்தையே திரும்ப அடித்துக் கொடுத்தார்கள். இதே காசு ஜமேக்காவுக்கும் போனது. அங்கே ஆறு பென்ஸில் காற்பங்கு என்பதால் 'குவாட்டி' என்று பெயர் வைத்தார்கள். அடிமை ஒழிப்புச் சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்ததும் இந்தக் காசு முதலில் அடிக்கப்பட்டதும் ஒரே ஆண்டில், 1834 இல். கூலி வாங்கத் தொடங்கிய கறுப்பின மக்களின் கையிலும், யாழ்ப்பாணத்துச் சந்தையில் மீன் விற்றவளின் கையிலும் ஒரே அச்சில் அடித்த காசு இருந்திருக்கிறது. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு சனங்கள்.

இனி வாங்குகிறவர் கவனிக்கவேண்டிய ஒரு முக்கியமான விடயம். 'இலங்கைக்கென அடித்த அரைப் பார்திங்' என்று வியாபாரி எழுதி வைத்திருப்பதால் அது இலங்கைக்குப் போய்வந்தது என்று ஆகாது. 1842 இல் அரைப் பார்திங் பிரித்தானியாவிலும் செல்லுபடியாகும் காசாக அறிவிக்கப்பட்டது. 1869 முடிவில் செல்லாக்காசாக்கப்படும் வரை அங்கேயும் புழங்கியது. ஆகவே இங்கே தாராளமாகக் கிடைக்கும் 1843, 1844 ஆம் ஆண்டுக் காசுகள் பெரும்பாலும் இங்கிலாந்தை விட்டு வெளியே போகாதவையாக இருக்கலாம். எங்கள் நாட்டோடு நெருக்கமான காசு வேண்டும் என்கிறவர் 1842 க்கு முந்திய ஆண்டுகளைத் தேடவேண்டும்: 1828, 1830, 1837, 1839. இவற்றில் 1837 அரிது, விலையும் கூட. காற் பார்திங் எந்த ஆண்டென்றாலும் சரி, அது பிரித்தானியாவில் ஒருபோதும் செல்லுபடியாகவில்லை. ஆனால் சின்னக் காசுக்குப் பெரிய விலை, நல்ல நிலையிலுள்ளதற்குப் பல பத்துப் பவுண் கேட்பார்கள். ஒன்றரைப் பென்ஸ் வெள்ளி தேய்ந்தது என்றால் அரைப் பார்திங்கை விடக் கொஞ்சம்தான் கூட. 1821 றிக்ஸ்டொலர் நூறு பவுணைத் தாண்டும். அதை விட்டுவிடுங்கள், அது காசு மிஞ்சியவர்களுக்கு.

இந்தக் காசுகளை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு 1848 ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கவேண்டும். கோப்பி விலை லண்டனில் விழுந்து அரசாங்கத்தின் வருமானம் சரிந்திருந்த நேரம். ஆளுநர் டொரிங்டன் பிரபு புதுப்புது வரிகளைக் கொண்டு வந்தார். துவக்கு வைத்திருந்தால் வருடத்துக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ். நாய் வைத்திருந்தால் 1 ஷில்லிங். எல்லாவற்றையும் விட வீதிச் சட்டம்: 18 வயது முதல் 55 வயது வரையான ஆண் ஒவ்வொருவரும் வருடத்தில் ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும், அல்லது 3 ஷில்லிங் கட்டவேண்டும். ஒரு நாள் உழைப்பு 6 பென்ஸ் என்று அரசாங்கமே விலை குறித்துவிட்டது.

3 ஷில்லிங் என்றால் 36 பென்ஸ், 144 பார்திங், 288 அரைப் பார்திங். அரைப் பார்திங்கை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறவனிடம் அரசாங்கம் இருநூற்றெண்பத்தெட்டை ஒன்றாகக் கேட்டது. செம்பாக நிறுத்தால் முக்கால் கிலோவுக்குக் கிட்ட வரும். அந்த வருடம் யூலை மாதம் மாத்தளைப் பக்கத்தில் கிளர்ச்சி வெடித்தது. புரன் அப்பு ஓகஸ்ட் 8 ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். இராணுவச் சட்டத்தின் கீழ் நடந்த கொலைகள் பிரித்தானிய நாடாளுமன்றம் வரை போய், 1850 இல் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். கிளர்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு, நிலமும் சமயமும் கண்டி அரசின் நினைவும். ஆனாலும் அந்த வரிகளின் கனம் என்னவென்று புத்தகத்தில் படித்தபோது எனக்கு உறைக்கவில்லை. அரைப் பார்திங் ஒன்றை உள்ளங்கையில் வைத்து 288 ஆல் பெருக்கியபோதுதான் உறைத்தது.

அதே காலத்தில் இன்னொரு கூட்டம் அந்த வீதிகளால் நடந்து வந்துகொண்டிருந்தது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் கோப்பித் தோட்டங்களைத் தேடி நடந்த தமிழ்த் தொழிலாளர்கள். வழியிலேயே செத்தவர்கள் எண்ணிக்கையற்றவர்கள். அவர்களுடைய கூலிக்குப் பிரித்தானியக் காசு சரிவரவில்லை, ஊருக்குக் கொண்டுபோகவேண்டிய காசு ரூபாய். 1836 இல் இலங்கை அரசாங்கம் இந்திய ரூபாயை 2 ஷில்லிங்குக்குச் சமம் என்று அறிவித்தது. ரூபாயில் இருந்த வெள்ளியின் சந்தை விலையோ 1 ஷில்லிங் 10 பென்ஸ் சொச்சம். இதன் விளைவைச் செட்டியார் தெருவில் கடை வைத்திருந்த எவரும் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். ரூபாயைக் குறைந்த விலைக்கு எடுத்து வந்து இங்கே கூடின விலைக்குக் கொடுக்கலாம். பிரித்தானிய வெள்ளியைச் சேர்த்து லண்டனுக்கே திருப்பி அனுப்பலாம். பிரித்தானிய வெள்ளி தீவை விட்டுப் போய்விட்டது, ரூபாய் நிரம்பியது. சில்லறைக்கு மட்டும் பிரித்தானியச் செம்பு மிஞ்சியது. கூலி பென்ஸ் கணக்கில் பேசப்பட்டு ரூபாயில் கொடுக்கப்பட்டபோது, தோட்டத்தில் 2 ஷில்லிங்காக எண்ணப்பட்ட அந்த ரூபாய், தொழிலாளி இராமநாதபுரத்துக்கோ திருச்சிக்கோ திரும்பியபோது வெறும் ரூபாயாகத்தான் இருந்தது. நடுவில் இருந்த ஒன்றேகால், ஒன்றரைப் பென்ஸ், அதாவது ஏறக்குறைய ஒரு பணம், ஒவ்வொரு ரூபாயிலும் வேறு யாருடையவோ பையில் தங்கியது. மலையக மக்கள் சுரண்டப்பட்ட கதையைப் பொதுவாகப் பேசுகிறோம். இந்தச் சின்னக் கணக்கையும் அதோடு சேர்த்துப் பேசவேண்டும்.

கடைசியில் அரசாங்கமே இறங்கி வந்தது. 1872 ஜனவரி 1 முதல் இலங்கையின் கணக்கு ரூபாயும் சதமும். ஒரு ரூபாய்க்கு நூறு சதம். இந்தியா இதே முறைக்கு வந்தது 1957 இல்தான், எண்பத்தைந்து வருடம் கழித்து. அணாவும் பைசாவும் படித்த எங்கள் தமிழ்நாட்டு நண்பர்கள் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். புதிய செப்புக்காசுகள் 1870 ஆம் ஆண்டு பொறிக்கப்பட்டு வந்தன: காற் சதம், அரைச் சதம், ஒரு சதம், ஐந்து சதம். பழைய கணக்கைக் குழப்பாத சாமர்த்தியமும் அதில் இருந்தது. ஒரு ரூபாய்க்கு 96 பார்திங்; இப்போது 100 சதம். பார்திங் இருந்த இடத்தில் சதமும், அரைப் பார்திங் இருந்த இடத்தில் அரைச் சதமும், காற் பார்திங் இருந்த இடத்தில் காற் சதமும் ஏறக்குறைய அப்படியே உட்கார்ந்துகொண்டன.

இந்தச் சதக்காசில் நடுவே பனையினத்து மரம் ஒன்று நிற்கிறது. நாட்டின் பெயர் திரும்பி வந்திருக்கிறது. ஆங்கிலத்தோடு சிங்கள எழுத்தும் தமிழ் எழுத்தும் இருக்கின்றன. நாற்பத்தைந்து வருடம் பெயரில்லாத காசு புழங்கிய நாட்டில், படிக்கத் தெரிந்தவன் தன் சொந்த எழுத்தில் படிக்கக்கூடிய காசு. 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகும் காசிலிருந்து தமிழ் போகவில்லை. அலுவலகத்தில் இல்லாத மொழி சட்டைப்பையில் இருந்தது. இதைச் சமத்துவத்துக்கு ஆதாரமாகக் காட்டுகிறவர்களும் உண்டு. காசில் எழுதுவதற்குச் செலவில்லை என்பதுதான் என் அபிப்பிராயம்.

எங்கள் முதியவர்கள் சிலர் ஒரு சதத்தைக் கண்டால் உருகிப் போவார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு சதத்துக்கு இன்னது வாங்கலாம், ஐந்து சதத்துக்கு வயிறு நிறையலாம் என்று தொடங்குவார்கள். விலை மலிவு என்பது உண்மை. அந்தச் சதம் யார் கையில் எத்தனை இருந்தது என்பதைத்தான் அவர்கள் சொல்வதில்லை. காற் சதம் என்ற ஒன்று தேவைப்பட்டதே, வாங்கும் பொருள் அவ்வளவு சிறிதாகவும் வாங்குகிறவன் அவ்வளவு வறியவனாகவும் இருந்ததால்தான். 'சல்லிக்காசுக்கும் பெறாதவன்' என்ற ஏச்சு அந்தக் காலத்தைப் பற்றி அவர்களுடைய நினைவை விட நேர்மையாகப் பேசுகிறது. அடிமைப்புத்தி என்று ஏசுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். ராணியின் தலையை வணங்க வேண்டியதில்லை. காசைத் திருப்பி மறுபக்கத்தைப் படிக்கலாம். எங்கள் ஏழைகள் எழுதி வைத்த நாட்குறிப்புகள் இல்லை. இருந்த ஏடுகளிலும் நூல்களிலும் எத்தனையோ 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தோடு எரிந்தன. அவர்கள் தொட்டுத் தேய்த்த பொருள் ஒன்று ஐந்து பவுணுக்குக் கிடைக்கிறது.

வாங்கும் முறை பற்றிச் சில வார்த்தைகள். லண்டனிலும் மற்ற நகரங்களிலும் நடக்கும் நாணயச் சந்தைகளில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் பார்க்காமல், மேசையின் ஓரத்தில் இருக்கும் கலவைத் தட்டுகளைக் கிளறுங்கள். 'உலக நாணயங்கள், எதை எடுத்தாலும் ஒரே விலை' என்று எழுதியிருக்கும். ஐந்தாம், ஆறாம் ஜோர்ஜ் காலத்து இலங்கைச் சதங்கள், 1909 இல் வந்த சதுர ஐந்து சதம், யுத்தகாலத்து இரண்டு சதம், எல்லாம் அங்கே ஒரு பவுண், ஒன்றரைப் பவுணுக்குக் கிடக்கும். வியாபாரிக்கு அவை பாரம். ஒருமுறை அப்படியொரு தட்டில் துளையிட்ட விக்ரோறியாச் சதம் ஒன்று கண்டேன். துளை விழுந்ததால் சேகரிப்பவர்களுக்கு அது பெறுமதியற்றது. யாரோ ஒரு பிள்ளையின் அரைஞாணிலோ கழுத்திலோ கிடந்த காசு அது என்று நினைத்து, நல்லதை விட்டு அதை வாங்கினேன்.

செப்புக்காசைத் தேய்த்து மினுக்காதீர்கள். புளி போட்டுக் குத்துவிளக்குத் துலக்கிப் பழகிய கைக்கு இது கஷ்டம்தான். ஆனால் மினுக்கிய காசு பாதி விலைக்கும் போகாது, மேற்பரப்பில் இருந்த எழுத்தும் போய்விடும். பச்சைக் களிம்பு தூளாக உதிர்ந்தால் அந்தக் காசை வாங்கவேண்டாம், அது பக்கத்தில் வைக்கும் காசையும் கெடுக்கும். மெல்லிய பிளாஸ்ரிக் உறைகளை விடக் காகித உறை நல்லது; உறையின் மேல் எங்கே, எப்போது, என்ன விலைக்கு வாங்கியது என்று எழுதி வையுங்கள். மலிவுச் செம்பில் போலி அதிகம் இல்லை, போலி அடிக்கிற செலவுக்கே கட்டாது. தங்கப் பவுண் வேறு கதை. எங்கள் பெண்கள் 'பத்துப் பவுண் தாலிக்கொடி' என்று சொல்லும்போது அந்தப் பவுணே பிரித்தானியத் தங்கப் பவுண் காசின் எட்டுக் கிராமிலிருந்து வந்த அளவுதான். அதை வாங்குவதென்றால் நிறுக்கத் தெரிந்த ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இறுதியாக ஒரு விவாதத்துக்குரிய விடயம். அதே சந்தைகளில் 'சேது' என்று தமிழில் பொறித்த யாழ்ப்பாண அரசர் காலத்துச் செப்புக்காசுகளும் வருகின்றன. அதைக் கண்டதும் எங்கள் ஆட்கள் பிரித்தானியக் காசைத் தள்ளிவிட்டு, இதுதான் எங்கள் காசு என்று பாய்ந்து வாங்குகிறார்கள். உணர்வு விளங்குகிறது. ஆனால் அரைப் பார்திங் லண்டனில் அடித்தது, லண்டனில் கிடைப்பதில் அதிசயமில்லை. சேதுக் காசு மண்ணிலிருந்து வந்தது. எந்த மண்ணிலிருந்து, யார் தோண்டி, எப்போது வெளியே கொண்டுவந்தார்கள் என்று வியாபாரி சொல்லமாட்டார். 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டப்படி அனுமதியில்லாமல் தொல்பொருளை நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது என்பது ஒரு பக்கம். தோண்டிய இடம் தெரியாமல் போன காசு, அந்த இடத்தின் வரலாற்றையும் சேர்த்துக் கொண்டுபோய்விடுகிறது என்பது அதைவிடப் பெரிய விடயம். பழைய சேகரிப்பொன்றிலிருந்து, எழுத்தில் பின்னணியோடு வந்தால் வாங்கலாம். இல்லையென்றால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் நான் வாங்குவதில்லை. இதில் மாறுபட்ட கருத்துள்ளவர்கள் இருக்கிறார்கள் என்று தெரியும். நாம் வாங்காவிட்டால் வேறு யாரோ வாங்கி உருக்கிவிடுவார்கள் என்பது அவர்களுடைய வாதம். அவர்கள் இந்தப் பக்கங்களிலேயே எழுதட்டும்.